கொலேஷனுக்குள் ஒளிந்திருக்கும் எழுத்து வகைகள்: போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் லோயர் (சின்ன எழுத்தாக்கும் ஃபங்ஷன்) போட்டும் எழுத்து மாறவில்லை, தேடினால் வரி கிடைக்கவில்லை, ரீஜெக்ஸ் (வடிவம் சொல்லித் தேடும் முறை) தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக்குகிறது என்று வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: கொலேஷன், அதாவது எழுத்துகளை எப்படி வரிசைப்படுத்துவது, எப்படி வகைப்படுத்துவது என்று டேட்டாபேஸுக்குச் சொல்லும் விதித்தொகுப்பு. கொலேஷன் பற்றி எழுதுகிறவர்கள் வரிசையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எழுத்து வகைகளையும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றத்தையும் யாரும் விரிவாகத் தொடுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

கொலேஷன்னா வரிசைப்படுத்தத்தானே? இதுல பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரம் எங்கேருந்து வந்துச்சு?

ஒரு கொலேஷனுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று எல்சி-கொலேட்: எது முன்னால் வரும், எது பின்னால் வரும். இன்னொன்று எல்சி-சிடைப்: இந்தக் குறி எழுத்தா, எண்ணா, இடைவெளியா, நிறுத்தக்குறியா, இதற்குப் பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் லோகேல் (மொழி, நாட்டு வழக்க அமைப்பு) முறையில் இருந்த பெயர்களைப் போஸ்ட்கிரெஸ் அப்படியே எடுத்துக்கொண்டது.

ஆர்டர் பை போட்டால் முதலாவதுக்கு வேலை. லோயர், அப்பர் (பெரிய எழுத்தாக்குவது), இனிட்கேப் (சொல்லின் முதலெழுத்தை மட்டும் பெரிதாக்குவது), ஐலைக் (பெரிய சின்ன வித்தியாசம் பாராமல் தேடுவது), ரீஜெக்ஸில் வரும் ஆல்ஃபா (எழுத்து), டிஜிட் (இலக்கம்), பேக்ஸ்லாஷ் டபிள்யூ (சொல்லில் வரும் குறி) எல்லாம் இரண்டாவதைக் கேட்டுத்தான் நடக்கும். வரிசை தப்பினால் திரையில் உடனே தெரிந்துவிடும். எழுத்து வகை தப்பினால் ஒரு பிழைச்செய்தியும் வராது, தேடலில் ஒரு வாடிக்கையாளர் பெயர் வராமல் போகும், அவ்வளவுதான், அது யார் கண்ணிலும் படாமலே மாதக்கணக்கில் ஓடும்.

என் டேட்டாபேஸ்ல இப்போ எது இருக்குன்னு எங்கே பார்க்கறது?

பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைவரிக் கருவியில் பேக்ஸ்லாஷ் எல் அடித்தால் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் கொலேட், சிடைப் என்று தனித்தனிப் பத்திகள் (நெடுவரிசைகள்) வரும். 15-ஆம் பதிப்பிலிருந்து லோகேல் புரொவைடர் என்ற பத்தியும் கூடவே வரும், அதைத்தான் முதலில் பாருங்கள். புரொவைடர் என்பது இந்த விதிகளை எங்கிருந்து எடுப்பது என்பது, அது மூன்று வகை. லிப்சி (இயங்குதளத்தின் சி நூலகம்) என்றால் இயங்குதளம் சொல்வதுதான் வேதம். ஐசியு என்பது தனி நூலகம், 2017-இல் 10-ஆம் பதிப்பில் சேர்ந்தது. பில்ட்இன் என்பது போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரம்) அட்டவணைகளை வைத்துக்கொண்டு இயங்குவது, 2024-இல் 17-ஆம் பதிப்பில் வந்தது. ஒரே எழுத்தைக் கொடுத்தாலும் மூன்றும் மூன்று பதில் சொல்லலாம், கீழே உதாரணங்கள் இருக்கின்றன.

டேட்டாபேஸ் அளவில் உள்ள சிடைப்பை உருவாக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். பிறகு மாற்ற வேண்டுமென்றால் புது டேட்டாபேஸ் உருவாக்கி, டம்ப் (முழுத் தரவின் நகல்) எடுத்து, அதில் ஏற்றுவதுதான் வழி. ஆனால் 2011-இல் வந்த 9.1 முதல் ஒவ்வொரு பத்திக்கும், ஏன், குவெரிக்குள் ஒவ்வொரு கோவைக்கும் (எக்ஸ்பிரஷன்) கூடத் தனிக் கொலேஷன் கொடுக்கலாம், அதனால் பயப்பட வேண்டாம்.

சி லோகேல்தான் வேகம்னு சொன்னாங்க, அதை வெச்சேன். பிரெஞ்சு பெயர்களுக்கு லோயர் வேலையே செய்யலையே?

செய்யாது. சி லோகேலுக்கு ஆஸ்கியின் (ஆங்கிலத்துக்கான பழைய குறியீட்டு முறை) 26 பெரிய எழுத்தும் 26 சின்ன எழுத்தும்தான் தெரியும். மேலே கோடு போட்ட பிரெஞ்சு எழுத்து, கிரேக்கம், ரஷ்யம், தமிழ் எதுவுமே அதற்கு எழுத்து கிடையாது. லோயரும் அப்பரும் அவற்றைத் தொடாமல் விட்டுவிடும், ஆல்ஃபா வகையிலும் அவை வராது.

வேகம் என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் அந்த வேகத்தில் பெரும்பகுதி வரிசைப் பக்கத்திலிருந்து வருகிறது: பைட்டுகளை நேராக ஒப்பிடுவது. அதை வைத்துக்கொண்டு எழுத்து அறிவை மட்டும் சேர்த்துக்கொள்ள முடியும். 17-இல் வந்த பில்ட்இன் சி.யுடிஎஃப்-8 இதற்காகவே இருக்கிறது. வரிசை குறியீட்டெண்படி, எழுத்து வகையும் மாற்றமும் யூனிகோட்படி.

தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்தே கிடையாது. அப்புறம் எனக்கு எதுக்கு இதெல்லாம்?

லோயர், அப்பர் பற்றிய கவலை உங்களுக்கு இல்லை, சரி. ஆனால் எழுத்து வகை உங்களை விடாது, சொல்லப்போனால் ஆங்கிலக்காரர்களை விட நமக்குத்தான் அடி அதிகம். ‘அம்மா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள்: அ, ம, புள்ளி, ம, கால். யூனிகோட் ‘ஆல்ஃபபெட்டிக்’ என்று ஒரு பண்பை வைத்திருக்கிறது. அதில் அகர உயிர்மெய்கள் உண்டு, கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் உண்டு, ஆனால் புள்ளி கிடையாது. இந்திய மொழிகளின் விராமம் (நம் புள்ளி போன்ற குறி) எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

பில்ட்இன் புரொவைடர் இந்தப் பண்பைப் பார்த்துத்தான் ஆல்ஃபா வகையைத் தீர்மானிக்கிறது. எனவே பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டுச் சொற்களைப் பிரித்தால் ‘அம்மா’ புள்ளியில் உடைந்து ‘அம’, ‘மா’ என்று இரண்டு துண்டாக வரும். ஐசியு இன்னும் கறார். போஸ்ட்கிரெஸ் அதைக் கேட்கும் விதத்தில் ‘எழுத்து’ என்ற பொது வகையில் இருப்பவை மட்டும்தான் ஆல்ஃபா, உயிர்க்குறிகள் அதில் இல்லை. அங்கே ‘அம’, ‘ம’ மட்டும் மிஞ்சும், கால் போயே போய்விடும். சி லோகேலில் ஐந்துமே எழுத்தில்லை. லிப்சி என்றால் அந்தந்த இயங்குதளத்தின் அட்டவணையைப் பொறுத்தது, லினக்ஸும் மேக்கும் ஒரே பதில் சொல்லும் என்று நம்பிவிடாதீர்கள்.

இதில் மிக ஆபத்தானது சுத்தம் செய்யும் குவெரிகள். ‘எழுத்து அல்லாததையெல்லாம் நீக்கு’ என்று ரீஜெக்ஸ்ப்-ரிப்ளேஸ் போட்டு ஒரு பெயர்ப்பட்டியலை அப்டேட் செய்தால், பில்ட்இன்னில் ‘அமமா’ என்றும் ஐசியுவில் ‘அமம’ என்றும் நிரந்தரமாக எழுதப்பட்டுவிடும். ஆங்கிலத் தரவில் சோதித்துப் பார்த்த குவெரி தமிழ்ப் பெயர்களைச் சிதைக்கும் வழி இதுதான்.

அப்போ தமிழ்ச் சொல்லை ரீஜெக்ஸ்ல எப்படித்தான் பிடிக்கறது?

வகைப் பெயரை நம்பாமல் வரம்பைக் கொடுங்கள். யூனிகோடில் தமிழுக்கான தொகுதி 2944 முதல் 3071 வரை, பதினறும முறையில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. சதுர அடைப்புக்குள் பேக்ஸ்லாஷ் யூ போட்டு இந்த இரண்டு எண்களையும் நடுவில் சிறுகோட்டோடு எழுதினால் புள்ளி, உயிர்க்குறி, தமிழ் எண்கள் எல்லாம் அடங்கிவிடும். போஸ்ட்கிரெஸ் ரீஜெக்ஸில் வரம்பு குறியீட்டெண்ணை வைத்தே பார்க்கப்படுகிறது, அதனால் எந்தக் கொலேஷன் இருந்தாலும் ஒரே விடைதான்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. சேமிப்பதற்கு முன் நார்மலைஸ் ஃபங்ஷனில் (13-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது) ஒருமுறை ஓட்டி எடுத்துவிடுங்கள். அடுத்து, சில விசைப்பலகைகள் சொல்லுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறிகளைப் போடும், அவை தமிழ்த் தொகுதிக்கு வெளியே இருப்பவை, அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

முழு உரைத் தேடலும் இப்படித்தான் சொல்லை உடைக்குமா?

இல்லை, நல்ல செய்தி. முழு உரைத் தேடலின் பார்சரும் எது எழுத்து என்பதை டேட்டாபேஸின் சிடைப்பைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது, ஆனால் அதில் ஒரு விதிவிலக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். அகலமில்லாத குறிகளும், இந்திய மொழிகளின் உயிர்க்குறிகள் அடங்கிய ஒரு பட்டியலும் எழுத்தாக இல்லாவிட்டாலும் சொல்லை உடைக்கக் கூடாது என்பது அந்த விதி. புள்ளி முதல் வகையில் வருகிறது, கால் இரண்டாவதில். 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கு ஸ்னோபால் ஸ்டெம்மரும் (சொல்லை வேர்ச்சொல்லாகச் சுருக்கும் கருவி) உண்டு. ரீஜெக்ஸ் எஞ்சினில் அந்த விதிவிலக்கு இல்லை, அதனால் ஒரே டேட்டாபேஸில் ஒரே சொல் இங்கே முழுசாகவும் அங்கே உடைந்தும் வரும். தேடல் வேலைக்கு ரீஜெக்ஸை விட்டுவிட்டு இதைப் பயன்படுத்துங்கள் என்பது என் அபிப்பிராயம்.

துருக்கி ஐ, துருக்கி ஐ-ன்னு எல்லாரும் பயமுறுத்தறாங்களே, அது என்ன?

துருக்கியில் ஐ என்ற எழுத்து இரண்டு. புள்ளி உள்ளது ஒன்று, புள்ளி இல்லாதது ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிப் பெரிய எழுத்து. புள்ளி உள்ள சின்ன ஐக்குப் பெரிய எழுத்து, தலையில் புள்ளி வைத்த பெரிய ஐ. புள்ளி இல்லாத சின்ன ஐக்குப் பெரிய எழுத்து, ஆங்கிலத்தில் நாம் பார்க்கிற சாதாரணப் பெரிய ஐ. ஆகவே துருக்கி கொலேஷனில் ‘டைட்டில்’ என்று பெரிய எழுத்தில் எழுதி லோயர் போட்டால் நடுவில் புள்ளியில்லாத ஐ வரும், ஆங்கிலச் சொல்லோடு பொருந்தாது. அஜர்பைஜானி மொழிக்கும் இதே விதி.

துருக்கிப் பெயர்களுக்கு இது சரியான நடத்தை, அதைப் பிழை என்று சொல்லக் கூடாது. மின்னஞ்சல், கோப்புப் பெயர், நாட்டுக் குறியீடு மாதிரியான தொழில்நுட்பச் சரங்களுக்கு இதே விதி போய்விட்டால்தான் சிக்கல். மனிதர் பெயருக்கு ஒரு கொலேஷன், கணினிக்கான சரத்துக்கு வேறு கொலேஷன் என்று பத்தி வாரியாகப் பிரித்து வைப்பதே சரி.

அப்பர் போட்டா எழுத்து எண்ணிக்கை கூடுமா? ஜெர்மன் தரவுல நீளம் இடிக்குது.

கூடும். ஜெர்மனின் எஸ்செட் எழுத்துக்கு யூனிகோடின் முழு மாற்ற விதிப்படி பெரிய எழுத்து, இரண்டு எஸ். ஐசியு அப்படித்தான் மாற்றும். லிப்சி ஒரு குறிக்கு ஒரு குறி என்று மட்டுமே மாற்றத் தெரிந்தது, எஸ்செட்டை அப்படியே விட்டுவிடும். பில்ட்இன் சி.யுடிஎஃப்-8-உம் எளிய மாற்றம்தான். 18-ஆம் பதிப்பில் வந்த பிஜி-யூனிகோட்-ஃபாஸ்ட் என்ற இன்னொரு பில்ட்இன் லோகேல் முழு மாற்றம் செய்யும். பெரிய எஸ்செட் என்று ஒரு எழுத்து 2008-இல் யூனிகோடில் சேர்ந்தது, 2017-இல் ஜெர்மன் எழுத்துமுறையும் ஏற்றது, ஆனாலும் யூனிகோடின் மாற்ற விதியில் இயல்பான பெரிய எழுத்து இரண்டு எஸ்தான்.

கிரேக்கத்தில் சிக்மா இன்னொரு தினுசு. பெரிய சிக்மா ஒன்று, சின்ன சிக்மா இரண்டு, சொல்லின் கடைசியில் வருவதற்குத் தனி வடிவம். ஐசியுவும் பிஜி-யூனிகோட்-ஃபாஸ்ட்டும் இடம் பார்த்து மாற்றும், மற்றவை பார்க்காது. ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் லோயரை விட 18-இல் வந்த கேஸ்ஃபோல்டு ஃபங்ஷன் நல்லது. ஐசியுவிலும் பில்ட்இன்னிலும் அது இரண்டு சிக்மாவையும் ஒன்றாக்கிவிடும். அதன் விளைவைத் திரையில் காட்டாதீர்கள், ஒப்பிட மட்டும்தான்.

வரிசைக்கு ஒண்ணு, எழுத்து வகைக்கு வேற ஒண்ணுன்னு ஒரே கொலேஷன்ல வைக்கலாமா?

லிப்சியில் வைக்கலாம். கிரியேட் கொலேஷனில் லோகேல் என்று ஒரே அளவுரு கொடுத்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். எல்சி-கொலேட், எல்சி-சிடைப் என்று பிரித்துக் கொடுத்தால் உதாரணமாக வரிசைக்குச் சி, எழுத்துக்குத் துருக்கி என்று கலக்கலாம். விண்டோஸில் மட்டும் இரண்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். அந்த லோகேல் இயங்குதளத்தில் நிறுவப்பட்டிருக்க வேண்டும், லோகேல் ஹைஃபன் ஏ கட்டளை பட்டியல் தரும். ஐசியுவில் இப்படிப் பிரிக்க முடியாது, ஒரே லோகேல்தான்.

எது எழுத்து, எதுக்கு எது பெரிய எழுத்துன்னு நானே எழுதிக் கொடுக்க முடியுமா?

போஸ்ட்கிரெஸுக்குள் முடியாது. 16-ஆம் பதிப்பில் ஐசியு கொலேஷனுக்கு ரூல்ஸ் என்ற அளவுரு வந்தது, பலரும் அதைப் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு கேட்கிறார்கள், ஆனால் அது வரிசையை மட்டுமே மாற்றும்.

லினக்ஸில் லோகேல் மூலக்கோப்பை எழுதலாம். அதன் எல்சி-சிடைப் பகுதியில் அப்பர், லோயர், ஆல்ஃபா, டிஜிட், ஸ்பேஸ், பங்க்ட் என்று வகைகளும், டூஅப்பர், டூலோயர் என்று ஜோடிப் பட்டியல்களும் இருக்கும். மேலே சொன்ன துருக்கி விதி, டூஅப்பருக்குள் சின்ன ஐயும் புள்ளி வைத்த பெரிய ஐயும் ஜோடியாக எழுதப்பட்டிருப்பதுதான், வேறு மந்திரம் இல்லை. லோகேல்டெஃப் கட்டளையால் தொகுத்து, பிறகு போஸ்ட்கிரெஸில் கொலேஷனாகச் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு ரெப்ளிகாவிலும் (டேட்டாபேஸின் நகல் ஓடும் சர்வர்) அதே கோப்பு இருந்தாக வேண்டும், கிளவுடில் நிர்வகிக்கப்படும் சேவைகளில் இயங்குதளத்தைத் தொடவே விடமாட்டார்கள். நான் யாருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

மைஎஸ்கியூஎல் என்ற வேறு டேட்டாபேஸில் 8-பிட் எழுத்துத் தொகுதிகளுக்கு இது நேரடியாகவே உண்டு. எக்ஸ்எம்எல் கோப்பில் சிடைப், லோயர், அப்பர் என்று மூன்று அட்டவணைகள். லோயருக்கும் அப்பருக்கும் 256 இடங்கள், சிடைப்புக்கு மட்டும் 257, ஏனென்றால் கோப்பு முடிவைக் குறிக்கப் பழைய வழக்கப்படி ஓரிடம் முன்னால் விடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பதினறும எண்: பெரிய எழுத்துக்கு 01, சின்ன எழுத்துக்கு 02, எண்ணுக்கு 04, பதினறும இலக்கமாகவும் இருந்தால் கூட 80. அதனால் பெரிய ஏ முதல் எஃப் வரை 81, ஜி முதல் 01, இலக்கங்களுக்கு 84. எழுத்து வகை என்பது உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

லோயர் போட்டு, பின்னாடி கொலேட் துருக்கின்னு எழுதினேன். ஒண்ணும் மாறலையே?

கொலேட்டை அடைப்புக்குறிக்கு வெளியே எழுதியிருப்பீர்கள். வெளியே எழுதினால் அது லோயர் தந்த விடைக்குத்தான் ஒட்டும், அதற்குள் மாற்றம் முடிந்துவிட்டிருக்கும். அடைப்புக்குறிக்குள், பத்திப் பெயரை ஒட்டி எழுத வேண்டும். அப்போதுதான் லோயர் அந்த விதியைப் பார்க்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழைச்செய்தி, எந்தக் கொலேஷனைப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்க முடியவில்லை என்று வருவது. வெவ்வேறு கொலேஷன் கொண்ட இரண்டு பத்திகளைச் சேர்த்து லோயருக்குக் கொடுத்தால் வரும். போஸ்ட்கிரெஸ் ஊகிக்காமல் நின்றுவிடுவது நல்லதுதான், நீங்களே கொலேட் எழுதிச் சொல்லிவிடுங்கள்.

மின்னஞ்சலுக்குச் சிடெக்ஸ்டா, லோயர் இன்டெக்ஸா, இல்ல நான்-டிடெர்மினிஸ்டிக் கொலேஷனா?

சிடெக்ஸ்ட் (பெரிய சின்ன வித்தியாசம் பாராத உரை வகை) உள்ளுக்குள் லோயரைத்தான் அழைக்கிறது, அதுவும் டேட்டாபேஸின் இயல்பு லோகேலில். டேட்டாபேஸ் துருக்கியில் இருந்தால் முன்னால் சொன்ன ஐ சிக்கல் அப்படியே வரும். நான்-டிடெர்மினிஸ்டிக் கொலேஷன் 2019-இல் 12-ஆம் பதிப்பில் வந்தது, சமமா இல்லையா என்ற ஒப்பீட்டிலேயே பெரிய சின்ன வித்தியாசத்தை மறக்கும், ஆனால் லைக் 18-க்கு முன்னால் வேலை செய்யாது, ரீஜெக்ஸ் இப்போதும் செய்யாது. மின்னஞ்சலுக்கு நான் எப்போதும் சொல்வது: கொலேஷனைச் சி என்று வெளிப்படையாக எழுதி, லோயரின் மேல் யூனிக் இன்டெக்ஸ். குவெரியிலும் அதே கொலேஷனை அப்படியே எழுதுங்கள், மாற்றினால் இன்டெக்ஸைத் தொடாது.

இயங்குதளம் அப்டேட் பண்ணினா ரீஇன்டெக்ஸ்ங்கறாங்க. அது வரிசைக்கு மட்டும்தானே, லோயர் இன்டெக்ஸுக்கு என்ன?

ரீஇன்டெக்ஸ் (இன்டெக்ஸைத் திரும்பக் கட்டுவது) அதற்கும்தான் வேண்டும். 2018-இல் ஜிலிப்சி (லினக்ஸின் லிப்சி) 2.28 வந்தபோது வரிசை பெருமளவு மாறி இன்டெக்ஸ்கள் கெட்டதால் எல்லாரும் வரிசையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு யூனிகோட் 11 ஜார்ஜிய மொழிக்கு மட்டவ்ருலி என்ற பெரிய எழுத்துகளைச் சேர்த்தது. அதுவரை தன்னைத் தவிர வேறு பெரிய எழுத்தே இல்லாத ஜார்ஜிய எழுத்துகளுக்கு அட்டவணையில் புதிதாக ஒரு ஜோடி வந்துவிட்டது. அப்பரின் மேல் இன்டெக்ஸ் போட்டு ஜார்ஜியப் பெயர்கள் வைத்திருந்தால், பழைய அட்டவணையில் எழுதிய இன்டெக்ஸும் புதிய அட்டவணை தரும் விடையும் ஒத்துப்போகாது.

நூலகத்தின் பதிப்பு மாறினால் போஸ்ட்கிரெஸ் எச்சரிக்கும். ஆனால் லிப்சியில் அந்தப் பதிப்பை வரிசைப் பக்கத்தின் பெயரை வைத்துத்தான் பார்க்கிறது. வரிசைக்குச் சி, எழுத்துக்கு வேறு என்று கலந்து வைத்திருந்தால் எச்சரிக்கையே வராது, நீங்களாகத்தான் நினைவு வைத்து ரீஇன்டெக்ஸ் செய்ய வேண்டும். ரெஃப்ரெஷ் வெர்ஷன் கட்டளை பதிவேட்டில் எண்ணை மட்டும்தான் மாற்றும், இன்டெக்ஸைச் சரிசெய்யாது, முதலில் ரீஇன்டெக்ஸ், அப்புறம் அது. பில்ட்இன்னில் போஸ்ட்கிரெஸின் பெரிய பதிப்பு மாறும்போது மட்டுமே அட்டவணை மாறும்.

புதுசா தமிழும் ஆங்கிலமும் கலந்த டேட்டாபேஸ் ஆரம்பிக்கிறேன், எது வைக்க?

17 அல்லது அதற்கு மேல் என்றால் பில்ட்இன் சி.யுடிஎஃப்-8. இயங்குதளம் மாறினாலும் இன்டெக்ஸ் கெடாது. அதன் வரிசையில் ன என்பது ந-வை ஒட்டி வரும், ழ, ள, ற எல்லாம் குறியீட்டெண்படி இடம் மாறி நிற்கும், அதனால் மக்கள் பார்க்கும் பட்டியல்களில் மட்டும் ஆர்டர் பை பக்கத்தில் ஐசியுவின் தமிழ்க் கொலேஷனை எழுதுங்கள். ஐந்தாவது பதிலில் சொன்ன வரம்பு முறையை ரீஜெக்ஸ் முழுக்கப் பின்பற்றுங்கள்.

பேக்ஸ்லாஷ் டி போட்டுச் சரிபார்த்துட்டுத்தான் இன்டிஜரா மாத்தறேன். அப்படியும் சில வரில பிழை வருதே?

அந்த வரிகளில் ௧, ௨, ௩ இருக்கிறதா பாருங்கள், அல்லது அரபி, தேவநாகரி இலக்கங்கள். ஐசியுவிலும் பிஜி-யூனிகோட்-ஃபாஸ்ட்டிலும் ௦ முதல் ௯ வரை எல்லாமே டிஜிட் வகை, பேக்ஸ்லாஷ் டி அவற்றை ஏற்றுக்கொள்ளும். சி.யுடிஎஃப்-8 பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பொதுத் தரம்) விதிப்படி ஆஸ்கி இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் இன்டிஜராக மாற்றும் பகுதிக்குக் கொலேஷனே தெரியாது, அது ஆஸ்கி இலக்கத்தை மட்டுமே படிக்கும், எனவே சரிபார்ப்பில் தேறியது அங்கே விழும். ௰, ௱, ௲ மூன்றும் யூனிகோடில் வேறு எண் வகை, அவை எதிலும் டிஜிட் ஆகாது. சரிபார்ப்பில் பேக்ஸ்லாஷ் டியை எடுத்துவிட்டு 0 முதல் 9 வரை என்று சதுர அடைப்புக்குள் வெளிப்படையாக எழுதுங்கள்.

டேபிள் பெயரை மேற்கோள் இல்லாம எழுதினா சின்ன எழுத்தா மாறுதே, அதுவும் கொலேஷனைப் பார்த்துத்தானா?

இல்லை. யுடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறை) டேட்டாபேஸில் ஆஸ்கி எழுத்துகள் மட்டும்தான் சின்னதாகும், மற்றவை எழுதியபடியே நிற்கும். லோகேலைக் கேட்டு மாற்றினால் துருக்கி டேட்டாபேஸில் ஐ உள்ள டேபிள் பெயர்களெல்லாம் குழம்பும் என்பதால் வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்கள், மூலநிரலின் குறிப்பிலேயே துருக்கியைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. தமிழில் டேபிள் பெயர் வைத்தால் மேற்கோள்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பெயர்தான்.